விட்டுக்கொடுத்த ஏழு வருஷம்

பட்டறையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் கத்தரி. எப்போதும் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று முதலாளி சொல்வார். பொய். அது அவள் வாய்க்கு வைத்த பெயர். திரைச்சீலை தைக்கும் அந்தப் பட்டறையில், ஹோட்டல்களுக்கும் மண்டபங்களுக்கும் போகும் கனத்த துணிகளை அவள்தான் வெட்டுவாள். யாராவது நேற்று ஒரு அளவும் இன்று ஒரு அளவும் சொன்னால், "உங்க வீட்டு ஜன்னல் என்ன, நாளுக்கு நாள் வளருதா?" என்று கேட்டுவிடுவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் மறுபடி அளந்து வருவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை முன்பின் யோசிக்காமல் பெருந்தன்மையாகப் பேசினாள். அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. எங்கள் அம்மா போனதும் அதே நோயில்தான். குடும்பத்தில் இறங்கி வருவது, நான் தப்பித்தேன், அவள் மாட்டிக்கொண்டாள். அவள் மகளுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மகள் தலைவலி என்று சொன்னால்கூட அக்காவுக்கு முகம் செத்துப்போகும். மகளின் அப்பா இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது. அவரைப் பற்றி எழுதி மையை வீணாக்கப்போவதில்லை.

வாரத்தில் மூன்று நாள், பட்டறை முடிந்ததும் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினோடு படுத்துவிடுவாள். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக வைத்த மாலை ஷிஃப்ட் அது. ஊசி ஏற்ற வசதியாக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் தையல் மிஷின் மோட்டார் மாதிரி அதிரும். "கரண்ட் பில் இல்லாம ஓடுது பாருடீ" என்பாள் என்னிடம். மாலை ஷிஃப்ட் இருந்ததால் அவளுக்கு வேலை இருந்தது. வேலை இருந்ததால் மகள் கல்லூரிக்குப் போனாள். எங்கள் வீட்டுப் பொருளாதாரம் மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த வார்டுக்கு ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கட்டில் கட்டிலாகப் போய்க் கேள்வி கேட்டதால் வார்டில் அவருக்குக் கேள்விக்காரம்மா என்று பெயர் விழுந்தது. படி ஏற முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாகக் கையிலிருந்த டேப்லெட்டின் திரையைப் பார்த்து ஒன்றைப் படித்தார். "நீங்கள் இதே நிலையில் பத்து ஆண்டுகள் வாழ்வீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாத ஒரு வாழ்வுக்காக அதில் எத்தனை ஆண்டுகளை விட்டுக்கொடுப்பீர்கள்?"

அக்கா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ஏழு என்றாள். கேள்விக்காரம்மா அதைப் பதிந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் போனபிறகு வார்டே அதைப் பற்றித்தான் பேசியது. வெல்டர் ஒருவர் தன் மனைவிக்கு ஆறு கொடுத்ததாகச் சொன்னார், அவளுக்கு ஆஸ்துமா. ரிட்டையர் ஆன தபால்காரர் இரண்டே இரண்டுதான் கொடுத்தாராம். ஏன் இப்படிக் கஞ்சத்தனம் என்று கேட்டதற்கு, மகன்கள் இருவரும் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவனுங்களுக்கு ஆளுக்கு ஒன்று போதும் என்றார். வார்டு முழுக்க ஒரே சிரிப்பு. நர்ஸ் வந்து அதட்டினார். கேட்டது தங்களுடைய நோயில்லாத வாழ்வைப் பற்றி என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? விட்டுக்கொடுப்பது என்றால் இன்னொருவருக்காகத்தான். பஸ்ஸில் சீட்டை விட்டுக்கொடுக்கிறோம், தங்கைக்குப் பங்கை விட்டுக்கொடுக்கிறோம். தனக்குத்தானே எவனாவது விட்டுக்கொடுப்பானா?

சில மாதம் கழித்து அந்த ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் வார்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், கையெடுத்துக் கும்பிட்டுப் பேசினார். ஒரு பெரிய மாநாட்டில் முடிவுகளை வெளியிடப்போவதாகவும், நோயாளிகளின் பிரதிநிதியாக அக்கா மேடையில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தெளிவாகப் பேசுகிறவர் வேண்டுமென்று நர்ஸைக் கேட்டாராம். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. புதிதாக ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டாள், இடது கையை மட்டும் தளர்வாக வைத்து. மாலை ஷிஃப்டுக்கு இன்னும் இரண்டு மிஷின் கேட்கப்போவதாகச் சொன்னாள். துணைக்கு நான் போனேன்.

பெரிய ஹால், குளிர் எலும்பைத் துளைத்தது. மேடையில் அக்காவுக்கு முன்னால் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்கிறவள் முன்னால்! சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடிய கூட்டம் அது. அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. பின்னால் தொங்கிய திரைச்சீலையின் ஓரத் தையல் விட்டிருப்பதை எனக்குச் சைகை காட்டினாள்.

பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசினார். எங்களுக்காக நடுநடுவே தமிழிலும் சொன்னார். மிஷினோடு வாழும் பத்து ஆண்டுகள் நல்ல ஆரோக்கியத்தோடு வாழும் நான்கு ஆண்டுகளுக்குக்கூடச் சமமில்லை. இதை ஆராய்ச்சியாளர்கள் சொல்லவில்லை, பத்தில் ஆறுக்கும் மேல் விட்டுக்கொடுக்கத் தயார் என்று நோயாளிகளே தங்கள் வாயால் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் மாலை ஷிஃப்டுக்கு ஆகும் செலவுக்கு ஏற்ற பலன் இல்லை. அதே பணத்தை நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் போட்டால் கூடுதல் ஆயுளைக் காப்பாற்றலாம். சுகாதாரத் துறையும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று முடித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்ன சொன்னார் என்பது என் மண்டையில் ஏற அவ்வளவு நேரம் பிடித்தது. கை பாதியில் நின்றுவிட்டது.

மைக்கை அக்காவிடம் கொடுத்தார்கள். அவள் எழுதி வைத்திருந்த நன்றியுரையை மடித்துப் பையில் போட்டாள்.

"அந்தக் கடைசிக் கேள்வியை இன்னொரு தடவை படிங்க சார்."

அவர் படித்தார்.

"நோயில்லாத வாழ்வு யாருக்குன்னு அதுல எங்க இருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா. வேற யாருக்கு?"

"எனக்கு நானே எதுக்கு சார் விட்டுக்கொடுக்கணும்? நான் எம் பொண்ணுக்குக் கொடுத்தேன். இந்த நோய் அவளுக்கு வராம இருக்கணும்னு ஏழு வருஷத்தைக் கொடுத்தேன். பத்தையும் கொடுத்திருப்பேன். அவ படிச்சு முடிக்கிறதைப் பார்க்கணும்னு மூணை வச்சுக்கிட்டேன். அது அவளுக்குப் போய்ச் சேரலைன்னா, என் ஏழு வருஷத்தை எனக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. எனக்கு வேணும்."

இந்த இடத்தில் எல்லோரும் தலைகுனிந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். யாரும் குனியவில்லை. தலைமை வகித்தவர், மிகவும் நெகிழ்ச்சியான பகிர்வு, நேரமின்மை காரணமாக இத்துடன் தேநீர் இடைவேளை என்றார். ஒரு பெண்மணி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். பேராசிரியரின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. கேள்வியை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து இரண்டு நிபுணர்களிடம் சரிபார்த்ததாகச் சொன்னார். கட்டுரையின் கடைசியில், ஆய்வின் குறைபாடுகள் என்ற பகுதியில், இதைக் கட்டாயம் குறிப்பிடுவதாக வாக்குக் கொடுத்தார். குறிப்பிட்டும் இருக்கிறார், நான் பார்த்தேன். நாலு வரி.

அந்த நாலு வரி அச்சில் வருவதற்கு முன்பே மாலை ஷிஃப்டை மூடிவிட்டார்கள். காலை ஷிஃப்டில் மிஷினோடு படுத்து எழுந்தால் அக்காவுக்கு அன்றைக்கு முழுவதும் நிற்க முடியாது. முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு வெட்டு மேஜையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஓரம் மடிக்கிற துணிகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். தபால்காரருக்குக் காலை ஷிஃப்டிலும் இடம் கிடைக்கவில்லை, மகன்கள் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை. அவர் இப்போது இல்லை. அக்காவின் மகள் கடைசி வருடப் படிப்பை நிறுத்திவிட்டு அதே பட்டறையில் பில் போடும் வேலைக்குப் போகிறாள். தனக்கென்று அக்கா வைத்துக்கொண்ட மூன்று வருஷத்துக்கும் இந்தக் கதிதான். அக்கா அழவில்லை, நான்தான் சமையலறையில் நின்று கண்டவர்களையெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

போன மாதம் கேள்விக்காரம்மா வீடு தேடி வந்தார். கேள்வியைத் திருத்தி மறுபடி கேட்கிறார்களாம். முகம் வாடியிருந்தது. உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன், ஊர்க் கோபத்தை அவர்மேல் காட்டுவானேன். திரையைப் பார்த்துப் படித்தார். "நீங்கள் நோயின்றி வாழ்வதற்காக, உங்களுடைய சொந்த ஆயுளில் எத்தனை ஆண்டுகளை இழக்கச் சம்மதிப்பீர்கள்?"

"ஒண்ணுகூடக் கிடையாது."

ஒரு வருஷமாவது, ஆறு மாதமாவது, ஒரு வாரமாவது என்று இறங்கி இறங்கிக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். கேள்விக்காரம்மாவின் விரல் திரைமேல் அப்படியே நின்றது. என்ன சங்கடம் என்று நான் கேட்டேன். கொஞ்சம்கூட இழக்க மாட்டேன் என்று சொல்பவர்களின் பதிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவர்களுக்குக் கேள்வி புரியவில்லை என்று குறித்துத் தனியே ஒதுக்கிவிடச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையமர்த்தினாள்.

"மொத தடவைதாம்மா எனக்குப் புரியல. அதைக் கணக்குல சேர்த்துக்கிட்டீங்க. இப்பத்தான் புரிஞ்சிருக்கு."