வங்கிக்கு யாரும் வராத நவம்பர்

1. ஞாயிறு காலை அப்பாவின் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழைக் கைப்பேசியிலேயே பதிவு செய்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினார். முடிந்தது.

2. அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நால்வரின் வீடுகளுக்கும் ஸ்கூட்டரில் போய் அதையே செய்தேன். முதல் வீடு எல்லோரும் பாய் என்று கூப்பிடுபவருடையது, கடைசி வீடு எண்ணூர். மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்தது.

3. புதன்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு ராயபுரத்து வங்கிக்குப் போனார். ஒரு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை.

அம்மா இறந்த பிறகு, நான் மணலிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்பும்வரை அப்பா வீட்டில் தனிதான். அன்று மாலை கேட்டேன்.

"வூட்லயே முடிச்சிட்டோமேப்பா, அங்க எதுக்குப் போன?"

"நீ முட்ச்சிட்ட. பாய்க்கும் முட்ச்சிட்ட, எண்ணூரானுக்கும் முட்ச்சிட்ட. அப்பால எவன் வருவான் பேங்குக்கு?"

அப்போதுதான் சொன்னார். நவம்பரின் முதல் புதன் ஐவரும் வரிசையில் நிற்பார்களாம். முதலில் வருகிறவர் அடுத்தவரைப் பார்த்து, "இன்னா மாமு, இன்னும் மேல போவலயா நீ?" என்பாராம். பிறகு டீ, மசால்வடை, மதியம்வரை பேச்சு. ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான்.

"வாட்ஸ்அப் குரூப்ல தினமும் பேசிக்கிறீங்களே?"

"அதுல பூப்படம் வருது. ஆளா வருது?"

அந்த ஞாயிறு ஐவரையும் வீடியோ அழைப்பில் சேர்த்தேன். ஒருவரின் மின்விசிறி தெரிந்தது, பாயின் காது தெரிந்தது. "மூஞ்சி தெர்ல, காதுல முடி கீது, வெட்டு" என்றார் அப்பா. சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று.

மறுநாள் ஒவ்வொருவரையும் அழைத்து, ஒரு நாள் சும்மா வந்து அப்பாவைப் பாருங்கள் என்றேன். "சான்றிதழ்ல எதுனா கோளாறாம்மா?" என்று நால்வரும் கேட்டார்கள். இல்லை என்றதும், "அப்பறம் பாக்கலாம்மா" என்றார்கள். வேலை இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய்ப் பழகவில்லை. கோளாறு என்று பொய் சொல்லியிருந்தால் அன்றே வந்திருப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நவம்பரில் என் கைப்பேசியில் பதிவு செய்ய மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பாய்க்குக் கோபம். "இஞ்சினியரு பொண்ணு இருந்தும் நாங்க லைன்ல நிக்கணுமா?"

"ஆமா மாமா, நில்லுங்க."

நின்றார்கள். எண்ணூர்க்காரர் மட்டும் முட்டிவலியால் வரவில்லை. மறுநாள் பதிவு செய்ய அவர் வீட்டுக்கு நான் கிளம்பியபோது, நீ தனியாகப் போக வேண்டாம் என்று அப்பாவும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். பேச்சு முடிய இருட்டிவிட்டது.

இப்போது நவம்பரில் அப்பாவோடு சேர்த்து நால்வர் வங்கிக்கு வருகிறார்கள். ஐந்தாமவரின் முகத்தை அவர் வீட்டில் பதிவு செய்கிறேன். மற்ற நாட்களில் அப்பா இன்னும் தனியாகத்தான் இருக்கிறார்.