சேற்றுக் கிருமியின் எழுபது இலட்சம் எழுத்து

ஆஸ்பத்திரி நடைபாதை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் என் தொடையிலிருந்த கட்டி உடைந்தது. அதற்கு முன்பே மாதக்கணக்காகக் காய்ச்சலும் இருமலும். சயரோகம் (நெஞ்சைத் தின்னும் நோய்) என்று குளிசை தந்திருந்தார்கள். நோய் அதற்குக் கேட்கவில்லை. இதே நோய் வருத்தத்தோடு கிடக்கிறவர்களுக்காக நான் சொல்ல, இளைய மகள் எழுதுகிறாள்.

எனக்கு என்ன நோய் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சுனாமியில் என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோனது. தென்னையைப் பிடித்துப் பிழைத்த நான் கறுப்புத் தண்ணீரை வயிறு நிறையக் குடித்திருந்தேன். அதன் பிறகு கடற்கரைப் பக்கம் போனதில்லை. அந்தத் தண்ணீர்தான் உள்ளே கிடந்து வேலை காட்டுகிறது என்று வார்ட்டில் எல்லாருக்கும் சொன்னேன்.

இரத்த வளர்ப்புச் சோதனை (எடுத்த இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) செய்வித்த டொக்டர் மட்டக்களப்பு ஊர்ப் பிள்ளை. மெலியோய்டோசிஸ் என்றார் (ஈரமண்ணில் வாழும் பற்றீரியாவால் வரும் நோய், நீரிழிவு எனும் சீனி வருத்தக்காரரை லேசில் பிடிக்கும்). எனக்குச் சீனி உண்டு.

"உம்மா, சேத்துல இறங்குவீங்களா?"

"இறங்காம? சவளக்கடையில எனக்குக் காணி இரிக்கி. சண்டை முடிஞ்ச புறகுதான் திரும்பிப் போய் விதைச்ச. நெல்லு என்ன, ஆஸ்பத்திரிக் குழாயிலயா வருது?"

சிரித்தார். "கால்ல காயம் ஏதும்?"

"அரிவாள் பட்டது. வயல் சேத்த அப்பினன். ரெத்தம் நிண்டுட்டு."

அவர் சிரிப்பு நின்றது.

எங்களுக்கு அது பழக்கம். சோறு விளைகிற இடத்தில் செருப்போடு நிற்கமாட்டோம், வரம்பிலேயே கழற்றிவிடுவோம். வெட்டுப்பட்டால் அந்தச் சேறுதான் மருந்து.

வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏறியது. டொக்டர் என் மூத்த மருமகனோடு போய் வயலில் சேறு அள்ளிவந்தார். மருமகன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "காணியில நோய் எண்டா வித்துப்போடுவம் மாமி." இளைய மகளுக்குச் சீதனமாக வைத்திருந்த காணி அது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

வீட்டுக்கு விட்ட பிறகு கிளினிக்குக்குப் போன ஒரு நாளில் சேற்றுச் சோதனையின் முடிவு வந்தது. கிருமியின் மரபணுத்தொகுதியை (ஓர் உயிரை ஆக்கும் கட்டளை முழுவதையும்) வாசித்திருந்தார்கள். நாலே எழுத்துத்தானாம், அவையே மாறி மாறி எழுபது இலட்சத்துக்கு மேல். சிறுவயதில் குர்ஆன் ஓதப் போன காலத்தில் ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டவே எனக்கு வியர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இந்தப் பிள்ளைகள் எழுத்தெழுத்தாகக் கூட்டியிருக்கிறார்கள். டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கட ரெத்தத்துல இருந்ததும் வயல் சேத்துல இருந்ததும் ஒரு வயித்துப் பிள்ளையள் மாதிரி உம்மா. சில எழுத்துத்தான் வித்தியாசம்."

"அப்ப கடல்?"

"கடல் இல்ல."

"காணிய விக்கோணுமா?"

"என்னத்துக்கு? இது இங்க ஈரமண்ணுல பல இடத்துல இருக்கு. பூட்ஸ் போட்டு இறங்குங்க. காயத்துல சேறு பூசாதீங்க."

மருமகன் மறுநாளே கறுப்பு ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்தார். "மாமி இப்ப ஆமிக்காரர் மாதிரி" என்றார்.

"ஓம், தள்ளி நில்லுங்க" என்றேன்.

மாதக்கணக்கில் குளிசை விழுங்கி, அல்ஹம்துலில்லாஹ், எழும்பினேன். இந்தப் போகத்தில் பூட்ஸோடு வயலில் நின்றேன். சேறு கணுக்காலை அமத்தியது. பூட்ஸுக்குள் அதன் குளிர் மட்டும் வந்தது, சேறு வரவில்லை. காணியை மகள் பேருக்கு எழுதியாயிற்று.

அன்று பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இத்தனை வருடமும் கடலோடு கதைக்காமல் இருந்தேன், அது செய்யாத இந்த நோயையும் அதன் தலையில் போட்டேன். வீட்டுக்காரரைக் கொண்டுபோனது வேறு, அதற்குக் கணக்கு அல்லாஹ்விடம். மணலில் செருப்பைக் கழற்றிவைத்தேன். காலில் பழைய தழும்பைப் பார்த்தேன், நன்றாக மூடியிருந்தது. பிறகு தண்ணீருக்குள் இறங்கினேன்.