விரித்த கையும் மணல் மேசையும்

என் கணவர் சோவெத்பெக் தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர். மணல் மேசை செய்யும் வேலையை, பழுதான கருவிகளைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டார். இடுப்புயரப் பெட்டியில் மணலைக் குவித்து எங்கள் பள்ளத்தாக்கை உருவாக்கினார். மேலே ஒரு கேமராவும் புரொஜெக்டரும் தொங்கின. மணலை ஒதுக்க ஒதுக்க, மலைக்கும் ஓடைக்கும் உரிய நிறங்கள் அதன்மேல் மாறி விழும். உள்ளங்கையை விரித்து நீட்டினால் கேமரா அதை மேகமாகக் கொள்ளும். நீல ஒளி மழையாகிச் சரிவு தேடி ஓடும்.

சேற்று வெள்ளம் வந்தால் எவ்வழியே மேடேறித் தப்புவது என்று ஊரார் சேர்ந்து பழகவே அதைச் செய்தார். பேரிடர் அலுவலகம் கேட்டுக்கொண்ட கடிதம் இன்றும் என்னிடம் உள்ளது.

பள்ளிக்கூடத்தில் நடந்த முதல் பயிற்சியில் எவரும் கை நீட்டவில்லை. எங்கள் வழக்கத்தில் விரித்த கை, இறைவனிடம் கேட்கும் கை.

“என் வீட்டு மேல நானே மழையக் கேக்கணுமா? பக்கத்து ஊரு மேல புடி, தம்பி. அவனுங்கதான் நம்ம வாய்க்கா தண்ணியத் திருடுறானுங்க,” என்றார் ஆற்றோரத் தெருவின் உல்கான். எல்லோரும் சிரித்தனர்.

“வெறும் வெளிச்சந்தான், அக்கா,” என்று கணவர் தாமே கையை நீட்டினார். நீலம் ஆற்றோரத் தெருவை மூடியது. சிரிப்பை விட்டு, எல்லோரும் மேடேறும் வழியை மணலில் விரலால் தேடினார்கள்.

அந்த மே மாதம் சேறு அதே வழியில் இறங்கியது. மேசையில் பழகிய பாதையில் தெருவே ஏறித் தப்பியது. பசுவை அவிழ்க்கத் திரும்பிய உல்கானின் கணவர் அசனாலி மட்டும் மீளவில்லை.

அடக்கத்துக்குச் சென்ற எங்களை உல்கான் வாசலிலேயே நிறுத்தினார்.

“கைய விரிச்சுக் கேட்ட. குடுத்துட்டான். இன்னும் என்ன வேணும் உனக்கு?”

மேசை பிழையாகக் காட்டியிருந்தால் மன்னித்திருப்பார்கள். சரியாகக் காட்டியதே என் கணவர்மீது குற்றமாயிற்று. அன்றுமுதல் அவருடைய சலாமுக்கு எவரும் பதில் சொல்வதில்லை, தப்பியவர்களும்கூட.

சேறு ஓடையின் போக்கையே மாற்றியிருந்தது. கணவர் மலையேறி அளந்துவந்து மணலைத் திருத்தினார். இம்முறை நீலம் இறங்கியது, வீடிழந்தோருக்குப் புதிதாக எழும் வீடுகளின் மேல். அதை அவர்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைவில்லை. கை வேண்டாமென்று, அட்டையை மேகம்போல் வெட்டிக் குச்சியில் கட்டினார்.

உல்கானும் சிலரும் வந்தனர், பள்ளியின் வாசல்வரை.

“பாருங்க அக்கா, அட்டைதான். என் கை இல்ல.”

“குச்சியப் புடிச்சிருக்கறது யாரு?”

“அப்ப நீங்களே புடிங்க.”

அவர் நீட்டிய குச்சியை ஒருவரும் வாங்கவில்லை. உல்கான் திரும்பி நடந்தார், மற்றவர்களும் பின்தொடர்ந்தனர்.

புதிய வீடுகளுக்கு இப்போது கூரை வேய்கிறார்கள். யாரும் மேகம் பிடிக்காத மேசையில் அந்த இடம் ஈரமின்றிப் பச்சையாகத் தெரிகிறது.