என் பெயரில் வந்த ரிப்போர்ட்

என் தம்பி பாக்கியநாதனுக்குக் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் உலைப் பக்கம் வேலை. எட்டு மணி நேரம் நெருப்பு முன்னால் நின்றுவிட்டு வந்து, சிப்காட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பத்து கிலோமீட்டர் ஓடுவான். "பைத்தியமாடா உனக்கு?" என்று நான் கத்தாத நாளில்லை. எங்கள் அம்மா புற்றுநோயில் போனதிலிருந்து அவனுக்கு அந்த வெறி. அந்த நோயின் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட 2008இல் சென்னையில் மாரத்தான் என்று கேள்விப்பட்டதும், மில்லில் ஒருத்தர் விடாமல் கேட்டு வசூல் பண்ணினான்.

ஓட்டத்துக்கு நாலு மாதம் இருக்கையில் அவன் மனைவி விக்டோரியா என்னிடம் வந்து மார்பில் கட்டி என்றாள்.

"அவருக்குத் தெரிஞ்சா ஓட்டத்தையே உட்டுடுவாரு அண்ணி. அவராண்ட சொல்லாதீங்க."

ஆஸ்பத்திரியில் காட்ட ஈ.எஸ்.ஐ. கார்டு வேண்டும். அவன் கார்டைக் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். பேக்கிங் கம்பெனியில் வேலை செய்ததால் எனக்கும் ஒரு கார்டு இருந்தது. பெரிய கெட்டிக்காரி இல்லையா நான்! என் கார்டைக் கொடுத்து, என் பெயரையே சொல்லி அவளைக் காட்டினேன்.

புற்றுநோய்தான், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று ரிப்போர்ட் வந்தது. மேலே கிரேஸ் என்று என் பெயர். திரும்பப் போனால் குட்டு வெளிப்பட்டு வேலை போய்விடுமோ என்று எனக்கு உதறல். விக்டோரியாவும் "ஓட்டம் முடியட்டும் அண்ணி" என்றாள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடி முடித்தான். மறுநாள் காலை சர்டிபிகேட்டை வைக்கப் பீரோவைத் திறந்தவன், சேலைகளுக்கு அடியில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டான். வீங்கிய காலோடு நொண்டிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தான்.

"இன்னாக்கா இது? என்னாண்ட ஏன் சொல்லல?" என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "பயப்படாதக்கா. அம்மாவ உட்ட மாதிரி உன்ன உடமாட்டேன்."

"அது எனக்கில்லடா."

"மெய்யாலுமா? உனக்கு ஒண்ணுமில்லியா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தே விட்டான். "யப்பா, உசுரே போயிடுச்சுக்கா! பேர மாத்திப் போட்டுட்டானுங்களா? அப்ப யாருது?"

"விக்டோரியாவுது."

நாலு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். அடுத்த ஈஸ்டருக்குள் அவளைப் புதைத்தோம். பாக்கியநாதன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன்பிறகு அக்கா என்றும் கூப்பிடவில்லை.