ஓடாத சீமைக் கார்

புதுவயல் அரிசி ஆலைக் கொட்டகையில், விலைக்கு வந்த பழைய சீமைக் காரின் கதவைத் திறந்ததும் தோல் சீட்டும் பெட்ரோலும் கலந்து வந்த வாசனையில், வாங்கியவர்கள் இடித்துவிட்ட, செக்காலையில் இருந்த எங்கள் பழைய வீட்டுக் கார் ஷெட் அப்படியே முன்னால் வந்து நின்றது. இதை வாங்கி ஓட்டியே தீரவேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

அந்த ஷெட்டிலிருந்த கார் ஓடியதே இல்லை. ஞாயிறுதோறும் அப்பா என்ஜினைக் கழற்றிப் பூட்டுவார்; அம்மா ரேடியேட்டரின் பித்தளை மூடியைப் புளி போட்டுத் துலக்குவாள்.

“என்ன அண்ணி, குத்துவிளக்கா விளக்குறீக?” என்பார் சித்தப்பா.

“உங்க அண்ணன் ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் கேலி பேசுவீகளாம்.”

பிறகு எல்லோரும் ஏறிக்கொள்ள, அப்பா வாயாலேயே உறுமி கியர் மாற்றுவார். அம்மா, காற்றடிப்பதுபோல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள்.

வீட்டோடு அதையும் விற்ற அன்று, “ஒரு தடவையாச்சும் ஓடியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

நேற்று, புதுவயலில் வாங்கிப் பழுதுபார்த்த என் காரின் என்ஜின் இருமி இருமிப் பற்றிக்கொண்டது. நாளை காலை அம்மாவை முன்சீட்டில் ஏற்றி, அமராவதிபுதூர் வரையாவது போய்ப் பார்க்கப்போகிறேன்.