டெல்லியின் முதுகைப் படமெடுக்கப் போனோம்

கடந்த மாசி மாதம் நானும் என் நாத்தனார் வசந்தாவும் டெல்லிக்குப் போய் வந்தோம். சுற்றிப் பார்க்க இல்லை, வேலையாக. விருத்தாசலத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய செராமிக் யூனிட் இருக்கிறது. கொலு பொம்மைகளும் மேசையில் வைக்கும் அலங்காரப் பொருட்களும் செய்கிறோம். முதல் உருவத்தைக் களிமண்ணில் செய்வது என் வேலை. அதை வைத்துத்தான் பிளாஸ்டர் அச்சு எடுப்போம். சூளையிலிருந்து வந்த பிறகு வண்ணம் தீட்டுவது வசந்தா.

சென்னையில் ஒரு கடைக்காரர் செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் சமாதி, இந்தியா கேட் நான்கும் சேர்ந்த செட் கேட்டிருந்தார். இணையத்தில் படம் பார்த்துச் செய்து அனுப்பினேன். மேசையில் வைக்கிற பொருளுக்கு முதுகு இப்படி மொழுக்கென்று இருந்தால் யார் வாங்குவார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொலுப்படியில் எந்தச் சாமியும் நமக்கு முதுகு காட்டி நிற்பதில்லை. அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன். பங்குனிக்குள் ஒழுங்கான சாம்பிள் வராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போகும் என்றார். எங்களிடம் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அந்த ஆர்டர் இல்லையென்றால் கோடை முழுக்க அவர்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பின்பக்கப் படம் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. முன்பக்கத்துக்கு லட்சம் படம் இருக்கிறது, பின்பக்கத்தைச் சீந்துவார் இல்லை. தான் போய் எடுத்து வருவதாக என் கணவர் சொன்னார். அவர் எடுக்கும் போட்டோவில் ஆளுக்குத் தலை இருந்தாலே அதிசயம். நானே கிளம்பினேன். துணைக்கு வசந்தா. அவளிடம் இருப்பது பட்டன் போன். இந்தியா கேட் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துத் தர வேண்டும், அது ஒன்றுதான் அவள் போட்ட நிபந்தனை.

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து எழும்பூருக்கு நாலு மணி நேரம். அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோ நூறு ரூபாய். இரவு பத்து மணிக்கு ரயில் ஏறினால் மூன்றாம் நாள் காலை ஏழு மணிவாக்கில் டெல்லி. ஸ்லீப்பரில் ஆளுக்கு எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. வெந்நீர் வரும் என்றார்கள். வந்தது, நாங்கள் குளித்து முடித்த பிறகு.

முதல் நாளே என் புத்திசாலித்தனம் வெளுத்துவிட்டது. பார்த்த இடத்திலேயே சின்னதாகப் பிடித்துப் பார்க்கலாம் என்று, இரண்டு கிலோ களிமண்ணைப் பாலிதீனில் இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, பைக்குள் வைத்திருந்தேன். மெட்ரோ ஸ்டேஷனில் பையை மெஷினுக்குள் விட்டதும் அது நின்றது. நாலு காவலர்கள் வந்தார்கள். எங்களுக்கு இந்தி தெரியாது. சாம்பல் நிறத்தில், டேப் சுற்றிய ஒரு கட்டியைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போனில் எங்கள் யூனிட்டின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். பிள்ளையாரைப் பார்த்ததும் ஒருவர் சிரித்தார். எங்களை விட்டார்கள், மண்ணை விடவில்லை. விருத்தாசலத்து மண் டெல்லிக் குப்பைத் தொட்டிக்குப் போனது.

மண் போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டோவை வைத்து உயரம், அகலம் எப்படிக் கணக்கிடுவது? குதுப் மினார் வாசலில், ஆளுக்கு நாற்பது ரூபாய் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பியபோது வசந்தாதான் வழி சொன்னாள்.

"நான் அஞ்சடி இருக்கறேன் இல்ல அண்ணி? என்னைய செவுத்தோரமா நிக்க வெச்சு எடுங்க. எத்தினி வசந்தான்னு எண்ணிக்கலாம்."

அப்படித்தான் எடுத்தோம். குதுப் மினாருக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, சுற்றிச் சுற்றி வந்தோம். அடித்தளத்தில் ஒரு மடிப்பு உருண்டை, அடுத்தது கூர் என்று மாறி மாறி இருக்கிறது. அதற்கு மேல்தளத்தில் எல்லாமே உருண்டை. நான் அனுப்பிய சாம்பிளில் ஒரே மாதிரி கோடு கிழித்திருந்தேன், வெட்கமாக இருந்தது. ஹுமாயூன் சமாதியில் அவள் நான்கு பக்கமும் சுவரைத் தொட்டுக்கொண்டு விறைப்பாக நின்றாள். வெயில் ஏறியும் முகம் சுளிக்கவில்லை. அங்கே வந்த இளைஞர்கள் எல்லாம் குவிமாடத்தை விரல் நுனியில் பிடிப்பது போலப் படமெடுத்துக்கொண்டிருக்க, இந்தப் பெண் ஏன் சுவர் சுவராகப் போய் ஒட்டி நிற்கிறாள் என்று ஒரு குடும்பம் நின்று வேடிக்கை பார்த்தது.

செங்கோட்டையின் முதுகைப் பார்க்க உள்ளே போக வேண்டாம். ஆற்றுப் பக்கமாக ரிங் ரோடு போகிறது, அங்கிருந்தே தெரியும். ஆட்டோக்காரருக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. வாசல் அந்தப் பக்கம் என்று இரண்டு முறை திருப்பிக்கொண்டு போனார். கடைசியில் நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, பைத்தியங்களை இறக்கிவிடுவது போல இறக்கிவிட்டார். அரண்மனை மண்டபங்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் அந்தப் பக்கம்தான் என்னைக் கேட்டால் கோட்டைக்கே அழகு. இருட்டும்வரை எடுத்தேன். வசந்தா வேலியோரம் நின்று நின்று கால் வலிக்கிறது என்றாள். முன்வாசலுக்குப் போக நேரமில்லை.

மறுநாள் சாயங்காலம் இந்தியா கேட். பக்கவாட்டு வளைவுகளை எடுத்து முடிப்பதற்குள் போனில் சார்ஜ் இரண்டு சதவீதம். அவசரமாக வசந்தாவை முன்னால் நிறுத்தி ஒரு கிளிக். அணைந்துவிட்டது. ரயிலில் சார்ஜ் போட்டுப் பார்த்தால், குறுக்கே போன பலூன்காரரின் பலூன்களுக்கு நடுவே வசந்தாவின் கொண்டை மட்டும் தெரிகிறது.

"மத்த போட்டோவ வூட்டுல காட்டுனா எந்த ஊரு செவுருன்னு கேப்பாங்க அண்ணி," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு நாக்பூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். கேமரா ஸ்டாண்டு எடுத்துப்போனால் பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள். எந்தக் கட்டடமானாலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், பின்பக்கத்தில் கூட்டமும் இருக்காது, நிழலும் கிடைக்கும். கூட வந்தவர்களின் போட்டோவை முதலில் எடுத்துவிடுங்கள். மண் வேண்டாம்.

ஊருக்கு வந்து, எத்தனை வசந்தா என்று எண்ணி எண்ணி நான்கையும் செய்தேன். பங்குனி முடிவதற்குள் சாம்பிள் போனது. ஆர்டர் எங்களுக்கே வந்தது. ஆறு பெண்களுக்கும் ஆவணி வரை கை ஓயாத வேலை. புரட்டாசி பிறந்ததும் கடைசிப் பெட்டிகளை இறக்கிவிட்டு வர நானும் வசந்தாவும் சென்னைக்குப் போனோம்.

கடையில் எங்கள் செட்டை நல்ல வெளிச்சத்தில்தான் வைத்திருந்தார்கள். நான்கும் சுவரோடு ஒட்டி, முகம் மட்டும் தெரியும்படி. கொலுப்படியில் வைப்பது போலவே. இதற்காகவா டெல்லி வரை போனோம் என்றிருந்தது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவர் கடை, பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். வசந்தா யாரையும் கேட்கவில்லை. செங்கோட்டையை எடுத்து முதுகு தெரியத் திருப்பி வைத்தாள். அடுத்து ஹுமாயூன் சமாதியைத் திருப்பினாள்.

"என்னம்மா, பின்பக்கத்தக் காட்டி வெக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

வசந்தா அந்தச் சமாதியின் பின்சுவர் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்கதாங்க நான் நின்னேன்."