கோல் போடாத ஆட்டம்

எங்கள் மாவட்ட லீக்கில் முதல் பிரிவின் கடைசி அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். கடைசி ஆட்டத்தில் நாங்களும் ராசா அணியும் சமன் செய்தால் இருவருமே தப்பலாம்; புக்கிட் பெலண்டோக் தோட்டத்து அணிதான் இறங்கும். கேப்டனான நானே ராசா கேப்டனிடம் தேத்தண்ணிக் கடையில் பேசி முடித்தேன். பந்தைப் பின்னால் தட்டியே தொண்ணூறு நிமிடத்தை ஓட்டினோம், த்தூ! பெலண்டோக்காரர்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் வேன் கிளம்பவில்லை. அவர்கள்தான் வந்து தள்ளினார்கள்.

"போய்ட்டு வாங்கண்ணே. ஒரு வருஷம்தான் லா, மறுபடி மேல வந்துருவோம்," என்றார் அவர்களுடைய கேப்டன்.

அவர்கள் தள்ளிய நேரமெல்லாம் நான் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆட்டத்தைவிட, இறங்காமல் இருந்ததை நினைத்தால்தான் இன்றும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.